பச்சை விளக்கு எரிகிறது, குரல் வரவில்லை: வெள்ளக் காலத்து டிஜிட்டல் வோக்கிக்கு அறிகுறி பார்த்து வைத்தியம்

கார்த்திகையில் வாடை தொடங்கி மூன்று நாள் விடாமல் பெய்தால் எங்கள் மட்டக்களப்பில் கிரானுக்கும் புலிபாய்ந்தகல்லுக்கும் இடையில் வீதி இருந்த தடமே தெரியாது. வெல்லாவெளிப் பக்கமும் அப்படித்தான். கறண்ட் போகும். கோபுரத்து ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்ததும் போனும் அடங்கும். தோணியில் நிற்கிற பிள்ளைக்கும் கரையில் நிற்கிற பிள்ளைக்கும் நடுவில் அப்போது மிஞ்சுவது வோக்கி-டோக்கி மட்டும்தான்.

கல்லடியில் என் மேசைக்குத் திருத்த வருகிற செட்டுகளில் இப்போது பெரும்பாலானவை டி.எம்.ஆர். என்ற டிஜிட்டல் வகை. ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர நிறுவனம் 2005இல் வெளியிட்ட தரம் அது. காவலாளிக்கும் தொழிற்சாலைக்கும் என்று வந்தது, 2022இல் பெரிதாக வெடித்த உக்ரைன் போரில் முன்னரங்குக் காலாட்படையின் கை வரைக்கும் போயிருக்கிறது. படைகளுக்கென்றே செய்த டிஜிட்டல் றேடியோக்களின் கோளாறுகளும் இதன் கோளாறுகளும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். அதனால் அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதையும் தேவையான இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

தொடங்குமுன் ஒன்று. பழைய அனலொக் செட் தன் நோயைத் தானே சொல்லும். சிக்னல் குறைந்தால் இரையும், பற்றரி இறங்கினால் குரல் மங்கும், பக்கத்தில் வேறு யாரும் கதைத்தால் கலந்து கேட்கும். டிஜிட்டல் செட் எல்லா நோய்க்கும் ஒரே பதில்தான் தரும்: மௌனம். ஆகவே கண்டுபிடிக்கிற வரிசை நம்மிடம் இருக்க வேண்டும். முதலில் மின்சாரம், பிறகு அன்டெனா, பிறகு நிற்கிற இடம், கடைசியில்தான் செட்டிங். தம்பிமார் பலர் எடுத்த எடுப்பில் மடிக்கணினியைத் திறந்து புரோகிராமை மாற்றுகிறார்கள். ஒரு கோளாறு இருந்த இடத்தில் அதன்பின் இரண்டு இருக்கும்.

செட் எரிகிறது, கதைக்க அழுத்தியதும் அணைகிறது

பற்றரிதான். சும்மா இருக்கும்போது அளந்து பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லக்கூடாது. 7.4 வோல்ட் லித்தியம் பற்றரி முழுச் சார்ஜில் 8.4 காட்டும். வயதான பற்றரியும் அதே 8.4ஐக் காட்டும், ஆனால் 5 வொட்டில் கதைக்கும்போது ஒன்றரை அம்பியர் அளவு இழுபட, ஒரேயடியாகச் சரியும். அழுத்திக்கொண்டே அளக்க வேண்டும்.

பற்றரி நல்லது என்றால் செட்டின் பின்பக்கத் தகடுகளைப் பாருங்கள். நமது கரையோர உப்புக் காற்றில் அதில் பச்சையும் வெள்ளையுமாகப் பூக்கும். பென்சில் அழிறப்பரால் தேய்த்து, அற்ககோல் தொட்ட பஞ்சால் துடைத்தால் பல செட்டுகள் அந்த நிமிடமே உயிர்க்கும். ஊதிப்போன பற்றரியை மட்டும் அமுக்கியோ குத்தியோ பார்க்க வேண்டாம். அது தீப்பிடிக்கும். கழற்றி வீட்டுக்கு வெளியே மணலில் வையுங்கள்.

அழுத்தினால் "பூம்" என்று ஒரு மறுப்பு ஒலி, பாதை திறக்கவில்லை

செட் ரிப்பீட்டரை, அதாவது கைச் செட்டின் குரலை வாங்கி உயரத்திலிருந்து கூடின வலுவில் திருப்பி அனுப்பும் நிலையத்தை, தட்டி எழுப்பப் பார்க்கிறது, அது பதில் சொல்லவில்லை. அல்லது சனலில் வேறு யாரோ இருக்கிறார்கள், செட் உங்களைப் பொறுக்கச் சொல்கிறது. இருபது அடி நகர்ந்து, செட்டைத் தலைக்கு மேலே பிடித்து மறுபடி அழுத்துங்கள். திறந்தால் தூரப் பிரச்சினை. ரிப்பீட்டரின் காலடியில் நின்றும் திறக்காவிட்டால் ரிப்பீட்டர் நின்றுபோயிருக்கிறது, அல்லது உங்கள் செட்டில் அதன் கலர் கோட் என்ற எண் பிழை (அடுத்த பகுதியில் சொல்கிறேன்).

பச்சை விளக்கு எரிகிறது, குரல் இல்லை

இதுதான் ஆளைக் கொல்கிற கோளாறு. இதை நிதானமாகப் பார்ப்போம்.

பச்சை விளக்கு எரிவதன் பொருள், அந்த அலைவரிசையில் மின்காந்த அலை வந்து சேர்ந்திருக்கிறது என்பது மட்டும்தான். பற்றரி, அன்டெனா, தூரம் மூன்றும் சரி. அலை வாசல் வரைக்கும் வந்தும் செட் கதவைத் திறக்கவில்லை. கதவுக்கு நான்கு பூட்டு.

முதலாவது கலர் கோட். 0 முதல் 15 வரை ஓர் எண். ஒரே அலைவரிசையைப் பயன்படுத்தும் இரண்டு கூட்டத்தைப் பிரிக்க வந்தது. இரண்டாவது நேரத்துண்டு. டி.எம்.ஆர். ஒரு 12.5 கிலோஹேர்ட்ஸ் சனலை 30 மில்லிசெக்கன் துண்டுகளாக நறுக்கி, மாறி மாறி இரண்டு உரையாடலுக்குக் கொடுக்கிறது. நீங்கள் முதலாம் துண்டில் காத்திருக்க, அவர் இரண்டாம் துண்டில் கதைத்தால் விளக்கு எரியும், குரல் வராது. மூன்றாவது குழு எண். அவர் அழைக்கும் குழு உங்கள் சனலின் கேட்கும் பட்டியலில் இல்லையென்றால் செட் வாய் திறக்காது. நான்காவது மறையாக்கச் சாவி, பேச்சை மற்றவருக்கு விளங்காமல் பூட்டும் இரகசிய எண். சாவி பொருந்தாவிட்டால் ஒன்றும் கேட்காது, அல்லது வாய்க்குள் தண்ணீர் வைத்துக் கொப்பளிக்கிற சத்தம் வரும்.

கிரானில் ஒரு வெள்ள இரவில் இரண்டு தொண்டர் குழுக்களை ஒரே சனலில் இணைக்க முயன்றோம். அலைவரிசை ஒன்று, நேரத்துண்டு ஒன்று, குழு எண்ணும் ஒன்று. எல்லாரது செட்டிலும் பச்சை எரிகிறது, ஒருவர் குரலும் ஒருவருக்குக் கேட்கவில்லை. அன்டெனாவை மாற்றினோம், பற்றரியை மாற்றினோம், மழைக்குள் ஆளை அனுப்பிக் கதைக்க வைத்துப் பார்த்தோம். நாற்பது நிமிடம். ஒரு பக்கம் கலர் கோட் 1, மறு பக்கம் 2. அந்த நாற்பது நிமிடமும் தண்ணீருக்குள் ஒரு வீட்டுக் கூரையில் ஆட்கள் இருந்தார்கள். அவர்களைப் பத்திரமாக இறக்கினோம், ஆனால் அந்த இரவை நான் மறக்கவில்லை. விளக்கு எரிந்த மறுநொடியே நான்கு பூட்டையும் பார்த்திருக்க வேண்டும்.

பார்க்கும் முறை இது. செட்டில் "டிஜிட்டல் மொனிட்டர்" வசதி இருந்தால் அதைப் போடுங்கள். அது குழு எண்ணைப் பொருட்படுத்தாமல் எல்லாவற்றையும் கேட்க வைக்கும். சில செட்டில் கலர் கோட்டையும் நேரத்துண்டையும்கூடத் தாண்டும். அதைப் போட்டதும் குரல் வந்தால் பூட்டுத்தான் காரணம் என்று உறுதி. அவருடைய செட்டின் திரையையும் உங்களுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான்கையும் வாய்விட்டு வாசித்து ஒப்பிடுங்கள். ஒருவர் வாசிக்க மற்றவர் பார்க்க வேண்டும். ஒருவரே இரண்டையும் பார்த்தால் கண் ஏமாற்றும்.

படைகளுக்கு இது இன்னும் கடுமை. அமெரிக்கப் படை 1990களில் பரவலாகச் சுமந்த சின்கார்ஸ் றேடியோ 30க்கும் 88 மெகாஹேர்ட்ஸுக்கும் இடையில் 2320 சனல்களில் செக்கனுக்கு நூறு தடவைக்கு மேல் தாவித் தாவிக் கதைக்கும். எதிரி ஒரு சனலை அடைத்தாலும் பேச்சு அடுத்ததுக்குப் போயிருக்கும். ஆனால் தாவும் பட்டியல், சாவி, கடிகார நேரம் மூன்றும் இரு முனையிலும் பொருந்த வேண்டும். கடிகாரம் விலகிப்போனால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் மௌனம்தான். அப்படித் தொலைந்துபோன றேடியோ வலையைத் தட்டி அழைப்பதற்கென்றே தாவாத ஒரு சனலை அதில் ஒதுக்கியிருக்கிறார்கள்.

அந்தப் பாடத்தை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எல்லாச் செட்டிலும் கடைசிச் சனல் வெறும் அனலொக்காக இருக்கட்டும். கலர் கோட்டும் குழு எண்ணும் வேண்டாம், அனலொக்கில் அதே பூட்டு வேலையைச் செய்யும் துணைத் தொனியும் வேண்டாம், ரிப்பீட்டரும் வேண்டாம், செட்டுக்குச் செட்டு நேரடியாக. டிஜிட்டலில் ஐந்து நிமிடம் குரல் கேட்காவிட்டால் எல்லாரும் அதற்குப் போகிறோம் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மறையாக்கம் பற்றி என் கருத்து உறுதியானது: மீட்பு வேலைக்கு அது வேண்டாம். போர்க்களத்தில் கேட்கிறவன் எதிரி. வெள்ளத்தில் கேட்கிறவன் அக்கரைப்பற்றிலிருந்து படகோடு உதவிக்கு வந்தவன். அவனுக்கு நம் குரல் எட்டுவதுதான் நோக்கம்.

செட்டிங் கோப்பு விடயத்திலும் ஒழுங்கு வேண்டும். மூன்று பேர் மூன்று மடிக்கணினியில் மூன்று விதமாக வைத்திருக்கக் கூடாது. ஒரே கோப்பு, ஒரே ஆள் பொறுப்பு, செட்டின் முதுகில் அந்தக் கோப்பின் திகதி ஒட்டிய துண்டு. ஒட்டு வேறென்றால் அந்தச் செட் தோணியில் ஏறக்கூடாது. கோப்பில் போடும் அலைவரிசை உங்கள் அனுமதிப்பத்திரத்தில் உள்ளதாக மட்டும் இருக்கட்டும். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி செட்டுக்கும் அலைவரிசைக்கும் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி தேவை. மாரிக்கு முதல் விண்ணப்பியுங்கள்.

அவர் குரல் எனக்குக் கேட்கிறது, என் குரல் அவருக்குப் போகவில்லை

ரிப்பீட்டர் 40 வொட்டில் கத்துகிறது, நீங்கள் 5 வொட்டில் கதைக்கிறீர்கள். எட்டு மடங்கு, அதாவது 9 டெசிபெல் இடைவெளி. ஆகவே விளிம்பில் நிற்கும்போது அவர் குரல் உங்களுக்குக் கேட்கும், உங்கள் குரல் அங்கே எட்டாது. செட்டை இடுப்பில் செருகிக்கொண்டு தோள் மைக்கில் கதைத்தால் உடம்பே பெரும்பங்கு அலையைக் குடித்துவிடும். கழற்றி முகத்துக்கு நேரே, அன்டெனா நிமிர்ந்து நிற்கப் பிடியுங்கள்.

அடுத்தது அன்டெனா மாறிப்போதல். 150 மெகாஹேர்ட்ஸ் அன்டெனாவும் 450 அன்டெனாவும் ஒரே திருகில் ஏறும். நீளத்தைப் பார்த்து நம்ப வேண்டாம், உள்ளே கம்பி சுருளாக இருக்கிறது. அடியில் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள். பிழையான அன்டெனாவிலும் பக்கத்தில் உள்ளவரைக் கேட்கலாம், அதனால்தான் இது பிடிபடாமல் ஒளிந்திருக்கும்.

தூரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. இரண்டு அன்டெனாவின் உயரத்தையும் மீற்றரில் எடுத்து, ஒவ்வொன்றின் வர்க்கமூலத்தையும் கூட்டி, 4.12ஆல் பெருக்கினால் பூமியின் வளைவு விடும் எல்லை கிலோமீற்றரில் வரும். நிற்கிற இரண்டு பேருக்கு, ஒன்றரை மீற்றர் உயரத்தில், சுமார் 10. 25 மீற்றர்க் கம்பத்து ரிப்பீட்டருக்கும் நிற்கிற ஆளுக்கும் சுமார் 25. அதுவும் வெளியில். நமது மாவட்டம் தட்டை நிலம், மலை மறிக்காது, ஆனால் தென்னந்தோப்பும் கண்டல் காடும் மறிக்கும். மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம். அதன் ஒரு தலையிலிருந்து மறு தலைக்கு ஒரு ரிப்பீட்டரால் கதைக்க முடியும் என்று யாரும் விற்க வந்தால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். தோணியில் குந்தியிருப்பவரின் அன்டெனா ஒரு மீற்றரில்தான் இருக்கும். முக்கியமான செய்தியை எழுந்து நின்று சொல்லச் சொல்லுங்கள், தோணி தாங்குமென்றால்.

குரல் உடைகிறது, சொல்லின் நடுவில் விழுகிறது

டிஜிட்டலுக்கு மலைச்சரிவு கிடையாது, செங்குத்துப் பாறைதான். கடைசி அடி வரைக்கும் தெளிவாகக் கேட்டு, அடுத்த அடியில் ஒன்றுமில்லாமல் போகும். உடைந்த குரல் என்றால் நீங்கள் அந்த விளிம்பில் நிற்கிறீர்கள். தகரக் கூரையிலும் தண்ணீரிலும் பட்டுத் திரும்பும் அலை நேரே வரும் அலையோடு மோதி, சில இடத்தில் ஒன்றையொன்று அழிக்கும். 450 மெகாஹேர்ட்ஸில் அந்தக் குழிகள் 33 சென்ரிமீற்றர் அளவு இடைவெளியில் வரும். ஆக ஒரு அடி நகர்வதே வைத்தியமாகலாம். ஓடுகிற உழவு இயந்திரத்தில் இருந்தால் நிறுத்திவிட்டுக் கதையுங்கள்.

எஞ்சின் ஓடும்போது சொல் விளங்கவில்லை, ஏதோ இயந்திரம் முனகுகிறது

இதற்கும் சிக்னலுக்கும் தொடர்பில்லை. டி.எம்.ஆர். செட் உங்கள் குரலை அப்படியே அனுப்புவதில்லை. மனிதக் குரலின் வடிவத்தை அளந்து, செக்கனுக்கு 2450 பிட்டுக்குள் சுருக்கி எழுதி அனுப்புகிறது. மறுமுனை அதை வாசித்துக் குரலைப் புதிதாகச் செய்கிறது. வள்ளத்து எஞ்சின் சத்தமும் கூடவே நுழைந்தால் அதையும் மனிதக் குரலாகவே எழுதப் பார்த்துக் குழம்பிவிடும். காற்றுக்கு முதுகைக் காட்டி, மைக்கை வாயிலிருந்து நாலு விரல் தள்ளி, கொஞ்சம் சாய்த்துப் பிடித்துச் சாதாரணக் குரலில் கதையுங்கள். கத்தினால் இன்னும் கெடும். அழுத்திய உடனே கதைக்காமல் ஒரு செக்கன் விடுங்கள். "போக வேண்டாம்" என்பதில் முதற்சொல் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நேற்று எட்டிய தூரம் இன்று எட்டவில்லை

"மழை, அதுதான் எடுக்குதில்லை" என்பார்கள். நாம் பாவிக்கும் அலைவரிசைகளை மழைத்துளி அசைக்காது. செய்மதித் தட்டைத்தான் மழை மறைக்கும். மழை செய்யும் உண்மையான கெடுதி வேறு: கம்பத்து உச்சியில் அன்டெனா வயர் இணையும் இடத்தில் தண்ணீர் புகும், வயரின் பின்னலுக்குள் ஊறி இறங்கும். இணைப்பைக் கழற்றி மோந்து பாருங்கள், புளித்த உலோக வாடை வரும். செப்புப் பின்னல் கறுத்திருந்தால் கறுப்பு முடியும் இடம் வரைக்கும் வெட்டி எறிய வேண்டும். புது இணைப்பை இறப்பர் நாடாவால் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள், ஓடு வேய்வது போல மேல் சுற்று கீழ்ச் சுற்றை மூடட்டும்.

இணைப்பு நல்லது என்றால், புதிதாக என்ன மின்சாதனம் பக்கத்தில் வந்தது என்று கேளுங்கள். மலிவான எல்.இ.டி. விளக்கு, இன்வேட்டர், சோலார் கட்டுப்படுத்தி எல்லாம் அலை இரைச்சல் கக்கும். அனலொக்கில் அது காதில் விழும். டிஜிட்டலில் தூரம் சத்தமில்லாமல் சுருங்கும். ஒவ்வொன்றாக அணைத்துச் சோதியுங்கள். படையில் எதிரி அலையை அடைக்கும்போதும் முதல் அறிகுறி இதேதான், அதனால் அவர்களும் முதலில் தங்கள் சொந்த ஜெனரேட்டரையும் வயரையும் பார்த்துவிட்டுத்தான் எதிரியைச் சந்தேகிக்கப் பழகுகிறார்கள்.

ரிப்பீட்டர் நடுச்சாமத்தில் நின்றுபோகிறது

கணக்குப் பார்க்காமல் பற்றரி வைத்ததால். 40 வொட் ரிப்பீட்டர் கதைக்கும்போது சுமார் 9 அம்பியர், சும்மா நிற்கும்போது 0.6 அளவு எடுக்கிறது என்று வையுங்கள். ஐந்தில் ஒரு பங்கு நேரம் கதை நடந்தால் சராசரி 2.3 அம்பியர். 100 அம்பியர் மணி ஈய பற்றரியில் பாதியைத்தான் கெடுதி இல்லாமல் எடுக்கலாம், ஆக ஒரு முழு நாளுக்குக்கூட வராது. கார்த்திகை மார்கழி முகிலில் சோலாரை நம்பவும் முடியாது. வலுவை 10 வொட்டுக்கு இறக்குங்கள். தூரம் நாலில் ஒன்றாகாது, விளிம்பு மட்டும் கொஞ்சம் சுருங்கும். கைச் செட் 5 வொட்தானே, 40 வொட்டால் போன குரலுக்குப் பதில் வர வழியில்லை.

வரைபடத்தில் ஆள் தவறான இடத்தில் நிற்கிறார்

ஜி.பி.எஸ். வைத்த செட்டுகளில் வருவது. திரையில் புள்ளி இருப்பதைப் பார்க்காதீர்கள், அந்தப் புள்ளியின் நேரத்தைப் பாருங்கள். கூரைக்குள் போனதும் செட் கடைசி இடத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். 2003இல் ஈராக்கில் அமெரிக்கப் படை தன் வண்டிகள் நிற்கும் இடத்தைத் திரையில் காட்டும் முறையோடு போனது. அப்படிப்பட்ட எந்தத் திரையிலும் பழைய புள்ளி, புள்ளி இல்லாததைவிட ஆபத்து.

இன்னொன்று வாயால் சொல்லும்போது வரும் பிழை. மட்டக்களப்பு நகரம் 7 பாகை 43 கலை வடக்கு, 81 பாகை 42 கலை கிழக்கு. தசமத்தில் அது 7.72, 81.70. கேட்டவர் கலையைத் தசமமாக எடுத்து 7.43, 81.42 என்று போட்டால் படகு தேடிப் போகும் இடம் தென்மேற்கே நாற்பது கிலோமீற்றருக்கு மேல் தள்ளி, அம்பாறை மாவட்டத்தின் உட்பகுதியில். எல்லாரும் தசமம் மட்டும் பாவிப்பது என்று முடிவெடுத்து, எண்ணோடு ஊரையும் ஒரு அடையாளத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "7.72, 81.70, கோயில் மதிலுக்குப் பின்னால்."

இடம் அனுப்பும் இடைவெளியை ஐந்து நிமிடத்துக்குக் கீழே குறைக்க வேண்டாம். இருபது செட் அரை நிமிடத்துக்கு ஒரு தடவை அனுப்பினால் குரலுக்குச் சனலில் இடமிருக்காது. முடிந்தால் குரலை முதலாம் துண்டிலும் இடத்தகவலை இரண்டாம் துண்டிலும் விடுங்கள்.

செட் வாவிக்குள் விழுந்துவிட்டது

எடுத்தவுடன் வேலை செய்கிறதா என்று அழுத்திப் பார்க்கிறார்கள். அதுதான் செட்டைச் சாகடிக்கிறது. முதல் வேலை பற்றரியைக் கழற்றுவது. பெட்டியில் ஐ.பி. 67 என்று போட்டிருக்கும், ஒரு மீற்றர் நன்னீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பது அதன் பொருள். புதுச் செட்டுக்கான சோதனை அது. மூன்று வருடம் பழகிய இறப்பர் வளையத்துக்கு அந்த உறுதி இல்லை. வாவித் தண்ணீர் உவர்நீரும்கூட. கிணற்றுத் தண்ணீரால் நன்றாக அலசுங்கள், உப்பை உள்ளே காய விடக்கூடாது. அன்டெனாவையும் பக்க மூடிகளையும் திறந்து, மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் வையுங்கள். அரிசிப் பானைக்குள் போட்டால் தூசுதான் ஏறும். வெயிலில் நேரே வைத்தால் திரை பிரியும்.

இரண்டு நாளுக்குப் பிறகு அன்டெனாவைத் திருகி, வேறு நல்ல பற்றரி போட்டு, குறைந்த வலுவில், பக்கத்தில் நிற்கிறவரோடு அனலொக்கில் ஒரு தடவை கதைத்துப் பாருங்கள். மைக் மட்டும் மந்தமாக இருந்தால் அதன் துளைக்குள் இன்னும் ஈரம் நிற்கிறது, இன்னொரு நாள் விடுங்கள். மறுபடி தோணிக்குக் கொடுக்குமுன் மூடி வளையங்களை மாற்றிவிடுங்கள்.